இல்லன் பைப் கற்கும் வழி: லியாம் ஓ’ஃபிளினின் மூன்று ஆசிரியர்களும் இன்று தொடங்கும் ஒருவரும்

வேய்ங்குழல் எழுதியது:

அயர்லாந்தின் மரபிசைக் கருவியான, துருத்தியால் பையில் காற்று நிரப்பி வாசிக்கும் இல்லன் பைப்பை, ஏற்கெனவே வேறொரு கருவியில் பயிற்சி உள்ள ஒருவர் எந்த வரிசையில் கற்பது நல்லது என்பதைப் பற்றி இங்கே விவாதிக்க விரும்புகிறேன். நான் பல ஆண்டுகளாகப் புல்லாங்குழல் வாசித்து வருகிறேன். வேலை நிமித்தமாக டப்ளினுக்கு வந்த பிறகு டின் விசில் பழகினேன். ரீல், ஜிக் வகை நடன மெட்டுகள் ஓரளவு கைவந்துவிட்டன. இப்போது பைப்பைத் தொடலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முன், இக்கருவியில் பெரிய பெயர் பெற்ற ஒருவர் அதை எப்படிக் கற்றார் என்பதைத் தெரிந்துகொள்ளலாம் என்று லியாம் ஓ’ஃபிளினின் வாழ்க்கையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

அவர் 1945-இல் பிறந்து கில்டேர் கவுண்டியில் வளர்ந்தவர். தந்தை பள்ளி ஆசிரியர், ஃபிடில் (வயலின்) வாசிப்பவர். தாய் கிளேர் கவுண்டியைச் சேர்ந்தவர், பியானோ வாசிப்பவர். ஆக, பைப்பைக் கையில் எடுக்கும் முன்பே மெட்டுகள் அவர் காதில் இருந்தன. பதினொரு வயதை ஒட்டி டப்ளினில் லியோ ரவுசமிடம் வகுப்புக்குச் செல்லத் தொடங்கினார். பிறகு வில்லி கிளான்சியிடமும் ஷேமஸ் எனிஸிடமும் நெருங்கிப் பழகிக் கற்றார். 1972-இல் கிறிஸ்டி மூர், டோனல் லனி, ஆண்டி அர்வைன் ஆகியோருடன் பிளாங்ஸ்டி என்ற இசைக்குழுவில் சேர்ந்தார். 1980-இல் ஷான் டேவி, பைப்பையும் முழு ஆர்கெஸ்ட்ராவையும் சேர்த்து அமைத்த ‘தி பிரெண்டன் வாயேஜ்’ இசைப்படைப்பில் தனிப் பைப்பராக வாசித்தார். 2018-இல் மறைந்தார்.

பைப்பர்களிடையே ஒரு பழைய வழக்கு உண்டு என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்: ஏழு ஆண்டு கற்க வேண்டும், ஏழு ஆண்டு பழக வேண்டும், ஏழு ஆண்டு வாசிக்க வேண்டும்; அப்போதுதான் ஒருவர் பைப்பர் ஆவார். நாற்பதைக் கடந்த எனக்கு இந்தக் கணக்கு சற்றுக் கலக்கம் தருகிறது என்பதை மறைப்பதற்கில்லை. எனவே என் கேள்வி இதுதான்: ரவுசம், கிளான்சி, எனிஸ் என்ற அந்த வரிசையில் ஒரு பொருள் இருக்கிறதா, அல்லது அது அவருக்குத் தற்செயலாக வாய்த்ததா? இன்று தொடங்கும் ஒருவர் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ள முடியும்?

பழந்தகடு எழுதியது:

நல்ல கேள்வி. வரிசையில் பொருள் இருக்கிறது என்பதே என் கருத்து. ஆனால் அதைப் பார்க்க, அந்த மூவரும் எத்தகையவர்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லியோ ரவுசம் மூன்றாம் தலைமுறைப் பைப்பர். அவருடைய பாட்டனார் வெக்ஸ்ஃபோர்டு கவுண்டியைச் சேர்ந்தவர். தந்தை வில்லியம் டப்ளினில் பைப் செய்யும் பட்டறை வைத்திருந்தார். லியோ இளம் வயதிலேயே டப்ளின் நகராட்சி இசைப்பள்ளியில் ஆசிரியராகி, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், 1970-இல் இறக்கும் வரை, கற்பித்துக்கொண்டே இருந்தார். கருவியும் செய்தார், பழுதும் பார்த்தார், வாசிக்கவும் சொல்லிக்கொடுத்தார். பைப் வாசிப்பவர்கள் அருகிப்போயிருந்த ஒரு காலத்தில், ஒரு மாணவன் வாரந்தோறும் ஓரிடத்துக்குப் போய் முறையாகக் கற்கலாம் என்ற வசதியை அயர்லாந்தில் தொடர்ந்து காப்பாற்றியவர்களில் அவரே முதன்மையானவர். சீஃப்டன்ஸ் இசைக்குழுவைத் தொடங்கிய பேடி மொலோனியும் அவருடைய மாணவர்தான்.

ஓ’ஃபிளினுக்கு ரவுசமிடம் கிடைத்தது கை. பையை எப்படி அணைப்பது, துருத்தியை எப்போது அழுத்துவது, விரல் எங்கே படுவது என்பதெல்லாம் எலும்பில் ஊறும் வயதில், எதிரே ஒருவர் உட்கார்ந்து திருத்தக் கிடைத்தது. கிளான்சியிடம் கிடைத்தது ஓர் ஊரின் இசை. வில்லியின் தந்தை கில்பர்ட், 1899-இல் மறைந்த பார்வையற்ற பைப்பரான கேரட் பாரியை நேரில் அறிந்தவர். பாரியின் மெட்டுகளை அவரிடம் கேட்டு மகனுக்குக் கொடுத்தவர். கில்பர்ட் பைப்பர் அல்லர் என்பதைக் கவனியுங்கள். அவர் ஃபுளூட் வாசித்தார். அதாவது ஒரு பைப்பரின் இசை, பைப் வாசிக்காத ஒருவரின் காது வழியாக அடுத்த பைப்பருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எனிஸ் வேறு வகை. 1942 முதல் 1947 வரை அயர்லாந்து நாட்டுப்புறவியல் ஆணையத்துக்காகச் சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று பாடல்களையும் மெட்டுகளையும் எழுதிச் சேகரித்தவர். பிறகு வானொலியிலும் பிபிசியிலும் அதே வேலையைத் தொடர்ந்தவர். கானமாராப் பகுதியில் கோலம் ஓ கேடான் என்ற ஒரே பாடகரிடமிருந்து மட்டும் 200-க்கும் மேற்பட்ட பாடல்களையும் மெட்டுகளையும் அவர் எழுதி எடுத்தார். ஒரு மெட்டுக்கு எத்தனை வடிவங்கள் உண்டு, எந்தத் திருப்பம் எந்த ஊருக்கு உரியது, எதை விட்டுவிட்டாலும் மெட்டு நிற்கும், எதை விட்டால் சரிந்துவிடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். 1970-களின் தொடக்கத்தில் ஓ’ஃபிளினும் எனிஸும் டப்ளினில் ஒரே வீட்டில் தங்கியிருந்தார்கள். வகுப்பறையில் கிடைக்காத படிப்பு அது.

முதலில் கை, பிறகு இசை, அதன் பிறகு தெரிவு. இந்த மூன்றையும் தலைகீழாகக் கற்றவர் யாரும் நன்றாக வாசித்து நான் கேட்டதில்லை.

மேற்குக்கரை எழுதியது:

பழந்தகடு ஐயாவின் விளக்கம் அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே எனக்குச் சற்று ஐயமாகவும் இருக்கிறது. ஒருவருடைய வாழ்க்கையைப் பின்னிருந்து பார்க்கும்போது எல்லாமே படிக்கட்டு போலத் தோன்றும்.

அவர் குறிப்பிட்ட வில்லி கிளான்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அந்த வரிசை அமையவே இல்லை. சிறுவயதில் விசில், பிறகு ஃபுளூட். 1930-களில் ஜானி டோரன் என்ற நாடோடிப் பைப்பர் குதிரை வண்டியில் கிளேர் பக்கம் வந்து சந்தைகளிலும் பந்தய மைதானங்களிலும் வாசித்தபோது, கிளான்சி அவர் பின்னாலேயே சுற்றினார். தனக்கென ஒரு பைப் கிடைத்தபோது அவருக்கு வயது இருபதை ஒட்டி இருக்கும். முறையான வகுப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். அப்படிப்பட்டவர் 1947-இல் ஐரிஷ் மொழி, பண்பாட்டு விழாவான ஆய்ராக்தஸின் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். இருபத்தோர் ஆண்டுக் கணக்கில் பாதிகூட ஆகவில்லை! தச்சு வேலை செய்துகொண்டே, பிழைப்புக்காக லண்டன் வரை போய்த் திரும்பியவர் அவர்.

எனவே வேய்ங்குழல் நண்பருக்கு நான் சொல்வது: உங்களுக்கு உரிய முன்மாதிரி ஓ’ஃபிளின் அல்லர்; கிளான்சிதான். வேறொரு காற்றுக் கருவியில் மெட்டுகளைத் தெரிந்துகொண்டு, வளர்ந்த பிறகு பைப்புக்கு வந்தவர் அவர். உங்கள் காதில் மெட்டு இருக்கிறது. அதுவே பெரிய மூலதனம்.

காற்றுப்பை எழுதியது:

மேலே நடக்கும் வரலாற்று விவாதத்தை நான் விரும்பிப் படிக்கிறேன். ஆயினும், இந்தக் கருவியை மடியில் வைத்ததும் என்ன நடக்கும் என்பதை யாராவது நண்பரிடம் சொல்லிவிடுவது நல்லது. தொடக்கநிலை மாணவர்களுக்கு நான் வழிகாட்டி வருகிறேன்; அவர்களில் மிகவும் திணறுபவர்கள் ஏற்கெனவே விசிலோ ஃபுளூட்டோ நன்றாக வாசிப்பவர்கள்தாம். அதற்குக் காரணம் இருக்கிறது.

வலது கைக்கும் இடுப்புக்கும் இடையே துருத்தி கட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து வரும் காற்று, இடது கையின் அடியில் இருக்கும் பைக்குப் போகும். இடது முழங்கை பையை அழுத்தி அழுத்தத்தைச் சீராக வைத்திருக்க வேண்டும். துருத்தி அழுந்தும் நொடியில் பைக்குள் காற்று புகுவதால் முழங்கை சற்று விட்டுக்கொடுக்க வேண்டும். துருத்தி விரியும்போது முழங்கை பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கல் காதுக்குத் தெரியக் கூடாது. வாயால் ஊதிப் பழகியவருக்கு, மூச்சும் மெட்டின் சொற்றொடரும் ஒன்றாக இருக்கும். இங்கே மூச்சுக்கும் மெட்டுக்கும் தொடர்பே இல்லை. அதனால் புதிதாக வருபவர், தாளம் விழும் இடத்தில் எல்லாம் துருத்தியை அழுத்துவார். ஒவ்வோர் அழுத்தலிலும் சுருதி ஏறி இறங்கும். துருத்தியைத் தாளத்திலிருந்து பிரிப்பதுதான் முதல் பாடம். அதற்கு மெட்டே வேண்டாம். ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, சுருதிப் பெட்டியையோ போனில் உள்ள ட்யூனரையோ எதிரே வைத்துக்கொண்டு, முள் அசையாமல் நிற்கும் வரை பழக வேண்டும். சலிப்பான வேலைதான். வேறு வழியில்லை.

இரண்டாவது, விரல். விசிலில் கீழிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்துக்கொண்டே போனால் சுரம் ஏறும். பைப்பில் மெட்டு வாசிக்கும் குழலான சாண்டரில் பெரும்பாலான சுரங்களுக்கு ஒன்றிரண்டு துளைகளை மட்டும் திறந்து மற்றவற்றை மூடியே வைத்திருப்பார்கள். அடுத்த சுரத்துக்குப் போகும் முன் அதையும் மூடினால், சாண்டரின் அடிமுனை தொடையில் கட்டிய தோல் துண்டின்மேல் அழுந்தியிருக்கும் நிலையில், ஒலி முற்றிலும் நின்றுவிடும். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெறித்து விழுவது இதனால்தான். உலகில் பெரும்பாலான பைப் வகைகளில் ஒலியை நிறுத்தவே முடியாது என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய வசதி என்பது விளங்கும். விரல் நுனியால் துளையை மூடுவதும் இங்கே உதவாது. விரல்களை நீட்டி, நடுப்பகுதியால் மூட வேண்டும். உங்கள் புல்லாங்குழல் பழக்கம் இதற்கு ஓரளவு கைகொடுக்கலாம்.

மூன்றாவது, மேல் ஸ்தாயி. வாயால் ஊதும் குழலில் உதட்டை மாற்றி மேலே போவீர்கள். இங்கே எல்லாத் துளைகளையும் மூடி, சாண்டரைத் தொடையில் ஊன்றி, ஒரு கணம் ஒலியெழுப்பும் நாக்கான ரீட்டை ஊமையாக்கி, அதே கணத்தில் முழங்கை அழுத்தத்தைக் கூட்டி, அடுத்த துளையைத் திறக்க வேண்டும். அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் சுரம் கீழே விழும்; கூடினால் கிறீச்சிடும். சாண்டரின் மிகத் தாழ்ந்த சுரமான கீழ் டி-யோ இன்னும் பிடிவாதமானது. எல்லாத் துளைகளும் மூடியபடி சாண்டரைத் தொடையிலிருந்து தூக்கினால் வரும் அந்தச் சுரம், ஒரு விரலில் மயிரிழை அளவு கசிவு இருந்தாலும் களகளவென்று குழறும். அதன்மேல் வாசிக்கும் ‘கிரான்’ என்ற அலங்காரம், கீழ் டி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மேல் விரல்களை வெவ்வேறாகச் சட்டென்று தூக்கி வைத்து அதை நறுக்குவது, பைப்புக்கே உரியது. பிற கருவிக்காரர்கள் இதைப் பார்த்துத்தான் பின்னர் எடுத்துக்கொண்டார்கள்.

எனவே மேற்குக்கரை சொல்வது போல மெட்டு தெரிந்திருப்பது மூலதனம்தான். ஆனால் அந்த மூலதனத்தை உடனே செலவழிக்கப் பார்க்கக் கூடாது.

வேய்ங்குழல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. காற்றுப்பை அவர்கள் சொன்னதைப் படித்த பிறகு, நான் கேட்க வேண்டிய கேள்வியே வேறு என்று தோன்றுகிறது. எந்தக் கருவியை வாங்குவது? முழுத் தொகுதியைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. டப்ளினில் உள்ள சங்கத்தில் இரவலாகக் கிடைக்கும் என்றும் ஒருவர் சொன்னார்.

காற்றுப்பை எழுதியது:

பை, துருத்தி, சாண்டர் ஆகிய மூன்றும் மட்டும் உள்ளதைப் பயிற்சித் தொகுதி என்பார்கள். அதனுடன், இடைவிடாமல் ஒரே சுரத்தை ஒலிக்கும் மூன்று சுருதிக் குழல்கள் சேர்ந்தால் அரைத் தொகுதி. மேலும், சாவிகளை அழுத்தி இசைக்கூட்டுகளை எழுப்பும் மூன்று ரெகுலேட்டர் குழல்கள் சேர்ந்தால் முழுத் தொகுதி. நீங்கள் பயிற்சித் தொகுதியில்தான் தொடங்க வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது என்று நம்புகிறேன்.

நீங்கள் குறிப்பிடும் சங்கம் ‘நா பீபெரி இல்லன்’. 1968-இல் பைப்பர்களே கூடித் தொடங்கியது. ஆய்வாளரும் பைப்பருமான பிரெண்டன் பிரானக் அதன் முதல் தலைவர். டப்ளினில் ஹென்ரியெட்டா தெரு 15-ஆம் எண் கட்டடத்தில் இயங்குகிறது. வகுப்புகள் நடத்துகிறார்கள், மாணவர்களுக்குக் கருவியை இரவல் தரும் திட்டமும் உண்டு. நல்ல செய்முறையாளர் ஒருவரிடம் சொல்லி வைத்தால் கருவி கையில் கிடைக்க ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பதால், இரவல் கருவியில் கற்றுக்கொண்டே வரிசையில் காத்திருப்பதுதான் பெரும்பாலோர் செய்வது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இணையச் சந்தைகளில் மிக மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாத கருவிகளைத் தொடாதீர்கள். தெரிந்த ஒருவர் அப்படி ஒன்றை வாங்கி மாதக்கணக்கில் போராடி, தனக்கு இசை வராது என்ற முடிவுக்கே வந்துவிட்டார். பிறகு ஒரு நல்ல சாண்டரைக் கையில் கொடுத்தபோது, அன்றைக்கே இரண்டு ஸ்தாயியும் வந்தன.

மேற்குக்கரை எழுதியது:

கருவி வாங்கும்போது சுருதியையும் முடிவு செய்ய வேண்டும். இன்று குழுவாக வாசிப்பவர்கள் வைத்திருப்பது டி சுருதிக் கருவி. உரத்த, அகன்ற துளையுள்ள இந்த வடிவம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் டெய்லர் சகோதரர்கள் பெரிய அரங்குகளுக்காக உருவாக்கியதிலிருந்து பரவியது. அதற்கு முந்தைய கருவிகள் சி, பி, பி ஃபிளாட் போன்ற தாழ்ந்த சுருதிகளில், குறுகிய துளையுடன், மென்மையாக ஒலிப்பவை. எனிஸ் வாசித்த கருவியும் அத்தகைய பழங்கருவிதான்: டப்ளின் தாமஸ் தெருவில் கோய்ன் என்பவர் செய்தது, எனிஸின் தந்தை அதை லண்டனில் ஓர் அடகுக் கடையில் கண்டெடுத்தார். எனிஸ் 1982-இல் இறக்கும்போது அதை ஓ’ஃபிளினுக்கு விட்டுச் சென்றார்.

தனியாக வாசிக்கும்போது தாழ்ந்த சுருதிக் கருவிக்கு இணை இல்லை என்பது என் கட்சி. ஆனால் பிறருடன் அமர்ந்து கற்க வேண்டிய தொடக்க ஆண்டுகளில் டி-யைத் தவிர வேறு எதுவும் உதவாது. இதில் என் விருப்பத்துக்கு எதிராகவே நான் பேசுகிறேன்.

நாணற்காடு எழுதியது:

நான் நாதஸ்வரக் குடும்பத்தைச் சேர்ந்தவன். இந்த இழையை ஆர்வத்தோடு படித்துக்கொண்டிருக்கிறேன். ரீட்டைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. எங்கள் சீவாளியை உதட்டால் நனைத்து, உதட்டின் பிடியாலேயே சுருதியைத் திருத்திக்கொள்கிறோம். பைப்பில் வாயே படுவதில்லை என்றால், ரீட்டை யார் அடக்குவது?

பழந்தகடு எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்டது இக்கருவியின் நடுநரம்பான கேள்வி. சாண்டரின் ரீட்டும் சீவாளியைப் போல இரட்டை நாக்கு உடையதுதான். ஆனால் அது சாண்டரின் தலையில் ஒரு மூடிக்குள் அடைபட்டிருக்கிறது. வாசிப்பவர் அதைப் பார்க்கவும் முடியாது, தொடவும் முடியாது. அடக்குவது முழங்கை ஒன்றே. ஸ்காட்லாந்துப் பைப்பைப் போல வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே போகும். இங்கே துருத்தி உலர்ந்த காற்றைத் தருகிறது. அதனால்தான் இவ்வளவு மெல்லிய ரீட்டை வைத்து இரண்டு ஸ்தாயி வாசிக்க முடிகிறது.

ரீட் செய்வது இப்படி: அருண்டோ டோனாக்ஸ் என்ற நாணல் வகையின் தண்டைப் பிளந்து, உட்புறத்தைக் குடைந்து, இரண்டு பட்டைகளாக்கி, ஒரு சிறிய உலோகக் குழாயின்மேல் மெழுகு தோய்த்த நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். நாக்குகளின் முனையைச் சுரண்டி மெலிதாக்குவார்கள். நடுவே ஒரு செம்புக் கம்பியைச் சுற்றுவார்கள். அதை மயிரிழை மேலே நகர்த்தினாலோ சற்று நசுக்கினாலோ வாய் திறக்கும் அளவு மாறும், கருவியின் குணமே மாறும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்று உலர்ந்து, நேற்று வரை ஒழுங்காக ஒலித்த ரீட் இன்று முரண்டு பிடிக்கும். மேல் டி சுரம் மட்டும் தணிந்து தொய்ந்து போவது அடிக்கடி கேட்கும் புலம்பல். அமெரிக்காவின் உட்பகுதிகளில் வாழும் பைப்பர்கள் அறைக்குள் ஈரப்பதத்தைக் கூட்டும் கருவி வைத்துக்கொள்வது இதனால்தான்.

தொடங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சுரம் சரியாக வரவில்லை என்றால் முதலில் பையில் கசிவு இருக்கிறதா, விரல் முழுதாக மூடியிருக்கிறதா, அழுத்தம் சீராக இருக்கிறதா என்று பாருங்கள். ரீட்டைத் தொடுவது கடைசி வேலை. அதையும் தெரிந்த ஒருவர் அருகில் இருக்கும்போது செய்யுங்கள். ஆனால் நாளடைவில் ரீட் செய்யக் கற்றுக்கொள்வது தவிர்க்க முடியாதது. செய்முறையாளரின் வீட்டு வாசலில் நின்றே வாழ்நாளைக் கழிக்க முடியாது அல்லவா?

நாணற்காடு எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி, ஐயா. சீவாளிக்குக் கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்தி வைத்துக் காத்திருக்கும் எங்கள் ஆட்களுக்கு இந்தப் புலம்பல்கள் புதியவை அல்ல.

மேற்குக்கரை எழுதியது:

இனி நானும் பழந்தகடு ஐயாவும் எப்போதும் மோதிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். கேட்டுக் கற்பது யாரிடமிருந்து?

இன்றைய மாணவர் பலர் காணொளிப் பாடத்தில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். காணொளியை நான் குறை சொல்லவில்லை. விரல் எங்கே படுகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடிகிறது. ஆனால் எல்லாருடைய வாசிப்பும் ஒரே மாதிரி ஆகிக்கொண்டு வருவதற்கு அதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மருந்து பழைய ஒலிப்பதிவுகளில் இருக்கிறது. கால்வே கவுண்டியில் 1865-இல் பிறந்து அமெரிக்காவுக்குப் போன பேட்ஸி டூஹி, மெழுகு உருளைகளில் தன் வாசிப்பைத் தானே பதிந்து விற்றவர். அவருடைய விரல்கள் மூடிய வாசிப்பின் உச்சம். ஒவ்வொரு சுரமும் உப்புக்கல் போலத் தனித்து நிற்கும். ஜானி டோரன் மறுமுனை: சாண்டரைத் தொடையிலிருந்து தூக்கியே, சுரங்களை ஒன்றோடொன்று வழியவிட்டு, அதன் நடுவே திடீரென்று மூடிய ஓட்டங்களைச் செருகுவார். 1947-இல் நாட்டுப்புறவியல் ஆணையத்துக்காக கெவின் டானஹர் பதிந்த சில தகடுகள்தாம் அவர் குரலாக நமக்கு மிஞ்சியவை. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் வண்டியின்மேல் சுவர் இடிந்து விழுந்து முடமானார், 1950-இல் இறந்தார். அந்தத் தகடுகள் இல்லாவிட்டால் பேடி கீனன் போன்ற பிற்காலப் பைப்பர்கள் வாசித்த வழியின் வேரையே நாம் கேட்டிருக்க முடியாது.

எனவே, ஒரு மெட்டை ஒரு காணொளியில் கற்றால், அதே மெட்டை மூன்று பழைய பைப்பர்களிடம் கேளுங்கள் என்பது என் விதி.

பழந்தகடு எழுதியது:

மோதல் எங்கே என்றுதான் தெரியவில்லை. என் பெயரைப் பார்த்தாலே நான் எந்தக் கட்சி என்பது விளங்கும். என் மறுப்பு ஒன்றே ஒன்றுதான். டோரனைக் கேட்டு மயங்கிய இளைஞர்கள், அடிப்படை அழுத்தம் நிலைக்கும் முன்பே சாண்டரைத் தூக்கி வாசிக்கத் தொடங்குகிறார்கள். தூக்கி வாசிக்கும்போது ஒவ்வொரு தடுமாற்றமும் ஒலியின் வெள்ளத்தில் மறைந்துவிடும். மூடி வாசித்தால் ஒவ்வொன்றும் அம்பலமாகும். எனவே முதலில் மூடிய வாசிப்பு. டோரனுக்கும் அது கைவசம் இருந்தது என்பதை அந்தத் தகடுகளே சொல்கின்றன.

இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். மெதுவான பாடல் மெட்டுகளை வாசிக்க விரும்புபவர், அந்தப் பாடலை ஐரிஷ் மொழியில் யாராவது பக்கவாத்தியம் இல்லாமல் பாடக் கேட்டாக வேண்டும். எங்கே சொல் முடிகிறது, எந்த அசை நீள்கிறது என்று தெரியாமல் வாசித்தால், அலங்காரங்கள் எல்லாம் இடம் தெரியாமல் விழும். எனிஸின் மெதுவான மெட்டு வாசிப்பு இன்றும் நிற்பதற்குக் காரணம், அவர் அந்தப் பாடல்களைப் பாடியவர்களின் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக எழுதியவர் என்பதே.

வேய்ங்குழல் எழுதியது:

ரெகுலேட்டர்களைப் பற்றி ஒரு சிறு கேள்வி. அவற்றை எப்போது தொடலாம்?

காற்றுப்பை எழுதியது:

இப்போது நினைக்கவே வேண்டாம். பொதுவாக மூன்று ரெகுலேட்டர்களிலும் சேர்த்து 13 சாவிகள் இருக்கும். சாண்டரின் கீழ்ப்பகுதியை வாசிக்கும் கையின் மணிக்கட்டு ஓரத்தால், மெட்டை நிறுத்தாமலேயே அவற்றை அழுத்தி இசைக்கூட்டுகளை எழுப்புவார்கள். ரவுசம் அவற்றைத் தாளக் கருவி போலவே பயன்படுத்தினார். சாண்டரும் சுருதிக் குழல்களும் ஒன்றோடொன்று இசைந்து நிற்கும் வரை அவற்றுக்கு வேலை இல்லை. சுருதிக் குழல்களையே இரண்டாம் கட்டத்தில்தான் சேர்க்க வேண்டும். அவை ஒலிக்கத் தொடங்கியதும் அழுத்தத்தில் உள்ள குறைகள் எல்லாம் உங்கள் காதிலேயே இடிக்கும் என்பதால், அவை நல்ல ஆசிரியர்களும்கூட.

மேற்குக்கரை எழுதியது:

நேரில் கற்பதற்கு ஜூலை மாதத்தை ஒதுக்கி வையுங்கள். கிளான்சி 1973-இல் இறந்த ஆண்டே, அவருடைய ஊரான மில்டவுன் மால்பேயில் அவர் பெயரில் கோடைப் பள்ளி தொடங்கியது, ஆண்டுதோறும் நடக்கிறது. காலையில் வகுப்பு. மாலையில் ஊர் முழுவதும் வாசிப்பு. பைப் வகுப்புகளில் தொடக்கநிலை மாணவர்களுக்கும் இடம் உண்டு. ரீட் செய்யவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2017-இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது அதைக் கொண்டாடியவர்களில் நானும் ஒருவன். ஆனால் பட்டியலைவிட அந்த வகுப்பறைகள்தாம் இக்கலையைக் காப்பாற்றுகின்றன என்பது என் எண்ணம்.

வேய்ங்குழல் எழுதியது:

சங்கத்தில் இரவல் கருவிக்கு விண்ணப்பித்துவிட்டேன். வாராந்திர வகுப்பிலும் பெயர் கொடுத்திருக்கிறேன். வரிசையைப் பற்றிய என் கேள்விக்கு நீங்கள் இருவரும் வெவ்வேறு விடை சொன்னாலும், முதலில் ஒருவர் எதிரே உட்கார வேண்டும் என்பதில் ஒன்றுபட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கருவி வந்ததும் முதல் சில வாரங்களுக்கு விசிலை நிறுத்திவிட வேண்டுமா?

காற்றுப்பை எழுதியது:

நிறுத்த வேண்டாம். புதிய மெட்டுகளை விசிலிலேயே கற்றுக்கொண்டிருங்கள். பைப்பில் அவற்றை உடனே முயலாமல் இருந்தால் போதும். சாண்டரில் முதல் மெட்டாக, கீழ் ஸ்தாயியைத் தாண்டாத எளிய ஜிக் ஒன்றை உங்கள் ஆசிரியரே தேர்ந்து கொடுப்பார். வகுப்புக்குப் போகும்போது தொடையில் போடத் தோல் துண்டு ஒன்றை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். இரவல் தொகுதிகளில் அது பெரும்பாலும் காணாமல் போயிருக்கும்.